வினைசெயல்வகை: குமரிப் பாறைகள் இரண்டும் கூறுவன

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

திட்டமிடல், காலவரையறை, செயல் மேலாண்மை ஆகியவற்றின் அடிப்படைகளைப் பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்திருக்கிறார்கள். கவிஞர்கள் நிறைந்த அவையில் இது ஒட்டாத தலைப்பு என்று சிலர் எண்ணக்கூடும். கவிதை திட்டமிட்டு வருவதா, கட்டளைக்கு மலர்வதா என்று நீங்கள் கேட்கலாம். கவிதையின் பிறப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் கவியரங்கம் நடத்துவதும், மலர் வெளியிடுவதும், மறைந்து வரும் ஒரு கலையைக் காப்பதும் திட்டமிடாமல் நடவா. பத்தாண்டுகள் நிறைந்த ஓர் அமைப்பு, அடுத்து என்ன செய்வது என்று எண்ணிப் பார்க்கும் இவ்வேளையில், எப்படிச் செய்வது என்றும் எண்ணிப் பார்த்தல் தகும்.

இந்தத் துறைக்கு மேனாட்டார் வகுத்த நூல்கள் பல உள்ளன. பணிகளைக் கால வரிசையில் கோடுகளாக வரைந்து காட்டும் முறையை 1910களில் பரப்பியவர் அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட். ஒரு பெரும்பணியின் எந்தப் பகுதி தாமதமானால் முழுவதும் தாமதமாகும் என்று கணக்கிடும் முறை 1957ஆம் ஆண்டையொட்டி டூபாண்ட் நிறுவனத்தில் உருவாயிற்று. அதையொட்டி 1958இல் அமெரிக்கக் கடற்படை தன் போலாரிஸ் ஏவுகணைப் பணிக்கு இதைப் போன்ற வேறொரு முறையை வகுத்தது. இவை யாவும் போற்றத்தக்கவையே. எனினும் நாஞ்சில் நாட்டில் நின்று பேசுபவன் இவற்றைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

திருக்குறளின் பொருட்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என 47 முதல் 52 வரை அதிகாரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. மீண்டும் 66, 67, 68ஆம் அதிகாரங்களாக வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை ஆகியன வருகின்றன. தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே ஒரு செயலை நடத்தும் முறை விளங்கிவிடும். வினைசெயல்வகையில், கைப்பொருள், கருவி, ஏற்ற காலம், எடுத்த தொழில், அதற்குரிய இடம் என ஐந்தனையும் ஐயமற ஆராய்ந்த பின்னரே ஒரு காரியத்தில் இறங்கச் சொல்கிறார் வள்ளுவர். அடுத்த குறளிலேயே, செயல் முடியும் வகை, குறுக்கே வரும் இடையூறு, முடிந்தபின் கிட்டும் பயன் என்னும் மூன்றையும் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறார். இன்றைய மேலாண்மை நூல் ஒன்றின் பொருளடக்கம் இதற்கு மேல் என்ன இருக்கிறது?

இந்த அளவுகோலைக் கொண்டு, குமரிமுனையில் அருகருகே நிற்கும் இரண்டு பாறைகளை ஆராய்ந்து பார்க்க விழைகிறேன். ஒன்றில் விவேகானந்தர் நினைவு மண்டபம், மற்றொன்றில் திருவள்ளுவர் சிலை. கடலும் காற்றும் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் இரண்டும் உருவான வரலாறு வெவ்வேறு.

முதலில் நினைவு மண்டபம். விவேகானந்தர் 1892ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் அந்தப் பாறையில் தியானத்தில் அமர்ந்தார். அவருடைய நூற்றாண்டு நெருங்கியபோது அங்கே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பும் எண்ணம் பிறந்தது. மன்னத்து பத்மநாபன் தலைமையில் குழு அமைந்தது. பாறை எவருக்கு உரியது என்பதில் உள்ளூரில் கருத்து வேறுபாடு மூண்டது. 1963 ஜனவரியில் அங்கே பதிக்கப்பட்ட கல்வெட்டுப் பலகை, அதே ஆண்டு மே மாதத்தில் பெயர்க்கப்பட்டுக் கடலில் எறியப்பட்டது. விரைவில் மாநில முதலமைச்சராகவிருந்த பக்தவத்சலமும் மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீரும் மண்டபம் எழுப்ப இசையவில்லை. எண்ணம் எண்ணமாகவே நின்றுவிடக்கூடிய நிலை. 1963 ஆகஸ்டில் ஏக்நாத் ரானடே அமைப்புச் செயலாளர் பொறுப்பை ஏற்றபோது இருந்த நிலை இதுதான்.

ரானடே கட்டடக் கலைஞர் அல்லர், பொறியாளரும் அல்லர். அவர் முதலில் கல்லைத் தேடிப் போகவில்லை; இடையூற்றின் வேரைத் தேடிப் போனார். அனுமதி இல்லாமல் எந்த வேலையும் தொடங்காது. ஆகவே அனுமதியே முதல் வேலை. லால் பகதூர் சாஸ்திரியின் ஆலோசனைப்படி தில்லியில் நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தார். கட்சி வேறுபாடு பாராமல் மூன்றே நாட்களில் 323 உறுப்பினர்களின் கையொப்பங்களைப் பெற்றார். அதன்பின் மாநில அரசு இறங்கி வந்தது. ஆனால் 15 அடிக்கு 15 அடி அளவில் சிறு கட்டடம் ஒன்றுக்கே இசைவு தருவதாகச் சொன்னது. ரானடே அதை மறுத்துச் சண்டையிடவில்லை. முதலமைச்சரின் மதிப்பைப் பெற்றிருந்த காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியிடம் வடிவமைப்பைக் காட்டி ஒப்புதல் பெற்றார். பின்னர் 130 அடிக்கு 56 அடி என்ற அளவில் மண்டபம் எழ அரசும் ஒப்பியது.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. ஒரு செயலில் தொடர்புடையோர் அனைவரும் உடன்பாட்டாளர்களாக இரார். ஐயுறுவோர், அஞ்சுவோர், எதிர்ப்போர் என்று பலர் இருப்பர். எவர் எதற்கு அஞ்சுகிறார், எவர் சொல்லை எவர் கேட்பார் என்று அறிவதும் திட்டத்தின் பகுதியே. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணையின் வலிமை என்று நான்காகப் பகுத்தது இதனால்தான்.

அடுத்து பொருள். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவான பணி அது. மாநில அரசுகளும் நிறுவனங்களும் கொடுத்தன. ஆனால் ரானடே அவற்றோடு நிறைவு கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு ரூபாய் என்று ஏறத்தாழ 30 இலட்சம் மக்களிடம் திரட்டினார். முப்பது இலட்ச ரூபாய் வேண்டுமென்றால் முப்பது செல்வந்தர்களிடம் கேட்பது எளிது. முப்பது இலட்சம் வீட்டுக் கதவுகளைத் தட்டுவது கடினம். ஆனால் ஒரு ரூபாய் கொடுத்தவன் அந்த மண்டபத்தைத் தன்னுடையது என்று எண்ணுவான். பணத்தோடு சேர்ந்து உரிமையுணர்வும் திரண்டது. பணி நடுவழியில் நிற்காமல் காத்தது இந்த உணர்வுதான் என்று நான் கருதுகிறேன்.

ஸ்தபதி எஸ். கே. ஆச்சாரியின் பொறுப்பில், ஏறத்தாழ 650 தொழிலாளர்கள் 2,081 நாட்கள் உழைத்தனர். அதாவது ஐந்து ஆண்டு எட்டு மாத அளவு. 1970ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி மண்டபத்தைத் திறந்து வைத்தார். அதோடு கதை முடியவில்லை. மண்டபத்துக்காகத் திரண்ட ஆற்றல் கலைந்துவிடாதவாறு 1972இல் விவேகானந்த கேந்திரம் தோன்றியது. ஒரு வினையைக் கொண்டே மறு வினையையும் முடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு வள்ளுவர் பழகிய யானையைக் கொண்டு மற்றொரு யானையைப் பிடிப்பதை உவமையாகச் சொல்வார். அதற்கு இதைவிடச் சிறந்த சான்று நம் மாவட்டத்தில் இல்லை.

இனி, மற்றப் பாறை. திருவள்ளுவர் சிலைக்கு 1979 ஏப்ரல் 15ஆம் நாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டினார். பணி தொடங்கியது 1990 செப்டம்பர் 6ஆம் நாள். திறப்பு விழா 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள். அடிக்கல்லுக்கும் பணித் தொடக்கத்துக்கும் இடையே பதினோரு ஆண்டுகளுக்கு மேல். அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடையே இருபது ஆண்டு எட்டு மாதம். ஆட்சிகள் மாறின, நிதி தடைப்பட்டது. வள்ளுவர் எண்ணிய ஐந்தில் இடம் இருந்தது, கருவி இருந்தது, வினை இன்னதென்று தெளிவும் இருந்தது. பொருளும் காலமும் கூடி வரவில்லை. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் மற்ற நான்கும் காத்து நிற்க வேண்டும் என்பதற்கு அவருடைய சிலையே சான்றாக நின்றது.

ஆனால் பணி என்று நடந்த காலத்தில் அது நடந்த ஒழுங்கு வியப்புக்குரியது. சிற்பி வை. கணபதி ஸ்தபதி முதலில் செய்தது அளவை. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. சிலை 95 அடி, பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்து 95 அதிகாரங்கள். மொத்தம் 133. கவிஞர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வெண்பாவுக்கு ஈற்றடி முச்சீர் என்று முன்னரே தெரிந்திருப்பது போல, முடிவின் அளவு தொடக்கத்திலேயே உறுதியாகிவிட்டது. நடுவில் எவரும் இன்னும் பத்தடி கூட்டலாம் என்று சொல்ல வழியில்லை. எந்தப் பணிக்கும் இத்தகைய எல்லை வேண்டும். எல்லை வகுக்காத பணி வளர்ந்துகொண்டே போகும், முடியாது.

இடுப்பில் சிறு வளைவோடு நிற்கும் உருவம் அது. இத்தனை உயரக் கற்சிலை வளைந்து நிற்குமா என்ற ஐயம் எழுந்தது. அதனால் முதலில் 40 அடி உயரத்தில் மரத்தில் மாதிரி ஒன்று செய்து ஆராய்ந்தார்கள். மரத்தில் தவறினால் திருத்தலாம்; பாறையின் மேல் கல்லில் தவறினால் திருத்த முடியாது. செலவு குறைந்த இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செலவு மிகுந்த இடத்துக்குப் போவது நல்ல திட்டத்தின் இலக்கணம்.

பிறகு பகுத்தல். கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சோழிங்கநல்லூர் ஆகிய மூன்று இடங்களில் பட்டறைகள் அமைந்தன. மொத்தம் 3,681 கற்கள். மொத்த எடை ஏறத்தாழ 7,000 டன். சில கற்கள் 15 டன் வரை எடையுள்ளவை. ஒரு கல் அம்பாசமுத்திரத்தில் செதுக்கப்படும் நாளிலேயே அது பாறையில் எந்த வரிசையில், எந்தக் கல்லுக்கு மேல் அமரும் என்பது வரைபடத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கடல் கடந்து வந்த கல் பொருந்தாமல் திரும்பிப் போக நேரும். உச்சி வரை சாரம் கட்டுவதற்கு மட்டும் 18,000 சவுக்குக் கம்புகளும் இரண்டு லாரிக் கயிறும் தேவைப்பட்டன. உச்சியை எட்ட 50 நாட்கள் ஆயின. முகத்தைச் செதுக்கிய கலைஞனை உலகம் போற்றும். சாரம் கட்டியவனை எவரும் நினைப்பதில்லை. ஆனால் சாரம் முடியாமல் முகம் எழாது. திட்டமிடுவோன் மறக்கக் கூடாத நாட்கள் அந்த 50 நாட்கள்.

சிலை நின்றபின் பயனையும் பராமரிப்பையும் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது சிலை அசையாது நின்றது. உப்புக் காற்று கல்லை அரிக்காதபடி, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரசாயனக் கலவை பூசும் ஏற்பாடு உண்டு. வெள்ளி விழாவையொட்டி, 2024 டிசம்பர் 30இல், இரு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. திறப்பு விழாவோடு முடிந்துவிடும் பணி என்று உலகில் எதுவும் இல்லை.

புத்தகப் பணியும் இதற்கு விலக்கன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி அலுவலகம் 1913இல் தொடங்கியது. ஒரு இலட்ச ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். நான்கு இலட்சத்துக்கு மேல் ஆயிற்று. பொறுப்பாளர்கள் மாறினர். 1926இல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர் ஆனார். 1936இல் ஆறு தொகுதிகளும் நிறைவுற்றன. 1939இல் அனுபந்தமும் வெளிவந்தது. சொல் எத்தனை என்று தெரியாமல் எண்ணத் தொடங்கியவர்களின் மதிப்பீடு தவறியதில் வியப்பில்லை. தவறிய மதிப்பீட்டைக் கண்டு பணியைக் கைவிடாததே வியப்பு. வையாபுரிப் பிள்ளையை நாம் ஆராய்ச்சிக்காகப் போற்றுகிறோம். எடுத்த பணியை முடித்தவர் என்பதற்காகவும் போற்ற வேண்டும்.

காலவரையறை என்பதை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அதற்கு நம் வயலைவிட நல்ல பள்ளி இல்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ விளைந்த நாடு இது. கன்னி மாதத்தில் ஒரு அறுவடை, கும்ப மாதத்தில் மற்றொன்று. கன்னிப்பூ அறுப்புக்கும் கும்பப்பூ நடவுக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் சில. நாற்று வளர மூன்று நான்கு வாரம் வேண்டும். அறுப்பு முடிந்தபின் நாற்றுப் பாவினால் பருவம் தவறிவிடும். ஆகவே முதற்பூ வயலில் நிற்கும்போதே வேறோரிடத்தில் நாற்றங்கால் தயாராகும். இரண்டு வேலைகள் ஒரே காலத்தில் நடக்கும். வரப்பு வெட்டுவது இரண்டு நாள் பிந்தலாம். உரம் கொண்டுவருவது ஒருநாள் பிந்தலாம். நாற்றின் வயதை எவராலும் குறைக்க முடியாது. எந்த வேலை ஒருநாள் பிந்தினால் அறுவடையே ஒருநாள் பிந்துமோ, அந்த வேலைகளின் தொடரே பணியின் முதுகெலும்பு. டூபாண்ட் நிறுவனத்தார் 1957இல் கணக்கிட்டதும் இதனையே. கணிப்பொறி அவர்களிடம் இருந்தது. நம் உழவரிடம் பஞ்சாங்கமும் பட்டறிவும் இருந்தன. 1897இல் தொடங்கி 1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணையை, பொறியாளர் மிஞ்சின் ஒன்பது ஆண்டுகளில் கட்டி முடித்தது இந்த இரண்டு பூவுக்கும் நீர் உறுதி செய்யத்தான்.

அன்பர்களே, இத்தனையும் சொன்னது பிறர் பணியைப் புகழ்வதற்காக மட்டும் அன்று. நம் முன் ஒரு பணி கிடக்கிறது. வில்லிசையில் முதன்மையாகப் பாடுபவரை இந்த மாவட்டத்தில் புலவர் என்றே அழைக்கிறோம். நீங்கள் தாங்கும் பட்டத்தைத் தாங்கும் அந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். தோட்டுக்காரி அம்மன் கதையும், இரவிக்குட்டிப் பிள்ளை கதையும், நீலி கதையும் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்துவிட்டன. ஆய்வாளர்கள் அரும்பாடுபட்டுச் செய்த பணி அது. ஆனால் கதை எங்கே நிற்கும், குடத்தின் தாளம் எங்கே மாறும், கோமரத்தாடி அருள் வந்து ஆடும் நேரத்தில் பாட்டு எப்படி விரையும் என்பவை அச்சில் இல்லை. அவை பாடுவோரின் நாவிலும் கையிலும் உள்ளன. நம் வட்டம் அடுத்து வரும் ஆண்டுகளில் இந்தக் குரல்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று நான் முன்மொழிகிறேன்.

இதற்கு அந்த ஐந்தையும் பொருத்திப் பாருங்கள். கருவி எளிது. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒலியும் ஒளியும் பதியும் கைபேசி இருக்கிறது. பொருள்: ஒருவர் கொடையை எதிர்பார்க்க வேண்டாம், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் தரும் சிறு தொகை போதும். இடம்: பதிவை ஒரே வீட்டில், ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது, மூன்று இடங்களிலேனும் படிகள் இருக்க வேண்டும். காலம்: கொடை விழாக்கள் பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஆடிக்குள் வருகின்றன. முழு இரவுப் பாட்டை அப்போதுதான் பதிய முடியும். விழாக் காலம் போனபின் புலவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பொருள் கேட்கலாம், ஐயம் தெளியலாம். ஒன்றின் வேலையை மற்றொன்றின் காலத்தில் வைத்தால் இரண்டும் கெடும்.

வினையைப் பகுத்தால் ஐந்து பகுதிகள். ஊர் ஊராகப் பாடுவோர் பட்டியல், பதிவு, கேட்டு எழுதுதல், சரிபார்த்தல், வெளியீடு. இவற்றில் கேட்டு எழுதுவதே மிகுந்த காலத்தை விழுங்கும். ஒரு மணி நேரப் பாட்டை எழுத்தாக்கப் பல மணி நேரம் வேண்டும். கதையோ விடிய விடிய நீளும். ஆனால் எழுதும் பணி காத்திருக்கும். அடுத்த ஆண்டும் எழுதலாம், நமக்குப்பின் வருவோரும் எழுதலாம். பதிவு காத்திராது. எண்பது வயதுப் புலவரின் குரலுக்கு நாம் நாள் குறிக்க இயலாது. நாற்றைப் போல இந்தப் பணியில் நம் வசப்படாத காலம் அவர்களுடைய காலம். ஆகவே பட்டியல் முழுமையடையட்டும் என்று காத்திராமல், வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குவோம்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பெயர் எழுதப்பட வேண்டும். ‘நாம் எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்று விடும் வேலையை எவரும் பார்ப்பதில்லை. இந்த வேலையை இந்த வழியால் இவர் முடிப்பார் என்று ஆராய்ந்து, பிறகு அதை அவரிடமே விட்டுவிட வேண்டும் என்கிறது தெரிந்துவினையாடல். விடுவதில்தான் நம்மவர்க்கு இடர்ப்பாடு. ஒப்படைத்தபின் நாள்தோறும் குறுக்கிடுவதும், ஒப்படைத்துவிட்டு ஆண்டு முழுதும் திரும்பிப் பாராதிருப்பதும் ஒன்றுபோல் தீமை. மாதக் கூட்டத்தில் கவிதை வாசிப்புக்கு முன் பத்து நிமிடம், எத்தனை பதிவாயிற்று, எது தடைப்பட்டது என்று கேட்டால் போதும்.

எல்லையும் வகுத்துக்கொள்வோம். மாவட்டத்துக் கலைகள் அனைத்தையும் காப்போம் என்று சூளுரைக்க வேண்டாம். இரண்டு கொடைப் பருவங்களில் இருபது பாடகர்கள் என்று கொள்வோம். இருபது நிறைந்தால் அடுத்த இருபதைப் பற்றி அப்போது பேசுவோம்.

பெரும்பணிகளின் முன் நம் பணி மிகச் சிறியது. அவற்றுக்குக் கோடிகள் தேவைப்பட்டன, நமக்கு வேண்டியவை சில மாலைப் பொழுதுகளும் பேருந்துக் கட்டணமும். சிலைக்காகக் காத்திருந்த பாறை இருபது ஆண்டு கழித்தும் அதே இடத்தில் இருந்தது. நாம் தேடிப் போக வேண்டிய குரல்கள் அவ்வாறு இருக்கப் போவதில்லை. வரும் பங்குனிக்கு முன் பட்டியலின் முதல் பக்கம் எழுதப்பட வேண்டும். இன்று இங்கே கூடியிருப்போரில் தத்தம் ஊர்ப் புலவர் ஒருவரின் பெயரையும் வயதையும் எழுதித் தருவோர், விழா முடிந்தபின் செயலாளரிடம் தந்து செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.